மேற்குச் சுவரில் ஒரு சூடான பட்டை

நவம்பர் 27

இந்தக் குறிப்பேடு வீட்டைப் பற்றியது, என்னைப் பற்றியதல்ல. வீடு முடிந்து குடியேறியபின் வரும் முதல் கோடையின் வெப்ப அளவுகளோடு இது நிறைவுபெறும்.

முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பொறியியல் கல்லூரியில் வெப்பப் பரிமாற்றம் கற்பிக்கிறேன். வெப்பம் எங்கிருந்து எங்கே பாயும் என்பதைத் தேர்வுத்தாளில் பிழையின்றி எழுதிவிட்டு, மேற்கு பார்த்த கண்ணாடி முகப்போடு வீடு கட்டிக் குடியேறிய என் மாணவர்கள் மதுரையில் மட்டும் ஐம்பது பேராவது இருப்பார்கள். வரும் மே 31 அன்று எனக்கு ஓய்வு. நத்தம் சாலையருகே வாங்கிய மனையில், ஏ.சி. என்ற பொருளே தேவைப்படாத வீடு ஒன்றைக் கட்டி, அதில் நானும் என் மனைவி செண்பகவல்லியும் மிச்ச காலத்தைக் கழிப்பதாகத் திட்டம்.

செண்பகவல்லியின் தம்பி குமரவேல் இரண்டு தெரு தள்ளிக் கட்டியிருக்கிறான். முகப்பு முழுவதும் கண்ணாடி. நான்கு ஏ.சி. கண்ணாடி வழியாக வெயிலை வீட்டுக்குள் வரவேற்று உட்காரவைத்துவிட்டு, அதை வெளியே அனுப்ப இயந்திரம் வாங்கியிருக்கிறான். அவனைத்தான் குடும்பத்தில் விவரமானவன் என்கிறார்கள்.

டிசம்பர் 1

கொத்தனார் ஒச்சப்பனுக்குச் சுவர் கட்டும் முறையை விளக்கினேன். செங்கல்லைப் படுக்கவைக்காமல் நிறுத்திக் கட்ட வேண்டும். உட்கல்லுக்கும் வெளிக்கல்லுக்கும் நடுவே மூன்று அங்குல வெற்றிடம் விழும். அதில் அடைபட்ட காற்று வெப்பத்தைக் கடத்தாது. எலிப்பொறிக் கட்டு என்று இதற்குப் பெயர். மாதிரிக்கு நான்கு வரிசை நானே வைத்துக் காட்டினேன். ஒரு கல் கையிலிருந்து நழுவியது. சூளைக்காரர்கள் இப்போது ஒழுங்கான விளிம்போடு கல் அறுப்பதில்லை.

ஒச்சப்பனுக்கு அறுபது வயதிருக்கும். துண்டை அவிழ்த்து உதறிவிட்டு அந்த நான்கு வரிசையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லாம ஒரு சுவரா சார்? டொம்முங்குது. நாளப்பின்ன எவனாச்சும் தட்டிப் பாத்தா என்னையத்தான காறித் துப்புவான்."

இந்த நாட்டில் கட்டடக்கலை என்பது தட்டிப் பார்ப்பவனின் அபிப்பிராயம். என் சுவரை யாரும் தட்டப்போவதில்லை என்றும், சொன்னதைச் சொன்னபடி செய்தால் போதும் என்றும் கூறினேன்.

டிசம்பர் 6

வகுப்பில் கடைசி வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, கரும்பலகையில் என் எழுத்து வரி முடிவதற்குள் எறும்பளவு ஆகிவிடுவதாகவும் படிக்க முடியவில்லை என்றும் சொன்னான். கைப்பேசியை மூக்கில் ஒட்டிவைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட தலைமுறை.

டிசம்பர் 10

செண்பகவல்லியோடு மனைக்குச் சென்றேன். கழிப்பறை, குளியலறை, நடை, படுக்கையறையின் ஒரு பக்கம் ஆகிய அனைத்தையும் மேற்கில் ஒரே வரிசையில் வைத்திருக்கிறேன். மாலை வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். கூடமும் சமையலறையும் கிழக்கில் குளிர்ச்சியாக இருக்கும். இதை அவளுக்கு விளக்கியபடியே நடந்தபோது ஜல்லிக் குவியலில் கால் தடுக்கியது. வழியில் ஜல்லி கொட்டக்கூடாது என்ற அறிவு லாரிக்காரனுக்கு இல்லை.

திரும்பும்போது அவள் சில அடி பின்னால் நடந்துவந்தாள். நடக்கையில் என் இடது கை ஏன் அசைவதில்லை என்று கேட்டாள். கையை வீசி நடக்க நான் அணிவகுப்பில் செல்லவில்லை என்றேன்.

டிசம்பர் 15

தனக்கு மூட்டுவலி என்று சொல்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்ததும் நோயாளி நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். முன்பதிவும் என் பெயரில்தான் இருந்தது.

மருத்துவர் முப்பது வயதுப் பையன். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னான். காகிதத்தில் சுருள் வரையச் சொன்னான். வெளித் தாழ்வாரத்தில் நடந்து, திரும்பி வரச் சொன்னான். காப்பி வாசனை தெரிகிறதா என்று கேட்டான். இந்த ஊரில் காப்பித்தூள் என்ற பெயரில் விற்கப்படுவதற்கு வாசனை கிடையாது என்றேன். பிறகு ஒரு பெயரைச் சொன்னான். அந்தப் பெயருக்கு இந்தக் குறிப்பேட்டில் இடமில்லை. இது வீட்டைப் பற்றியது.

இன்னும் பல ஆண்டுகள் நன்றாகவே இருப்பீர்கள் என்றான். 'நன்றாகவே' என்பதை எந்த அலகில் அளக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தான். மாத்திரை மூன்று வேளை. கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை என்னிடம் சொல்லாமல் செண்பகவல்லியிடம் சொன்னான், நான் அந்த அறையில் இல்லாததுபோல.

டிசம்பர் 16

அடித்தளத்தின் மேல் ஈரக்கசிவுத் தடுப்பு முடிந்தது. சிமென்ட்டும் மணலும் நான் சொன்ன விகிதத்தில்.

டிசம்பர் 21

காலை உணவின்போது குளியலறையிலும் நடையிலும் கைப்பிடிக் கம்பி வைக்கலாமே என்றாள் செண்பகவல்லி. யாரோ பக்கத்து வீட்டுக்காரருக்கு யோசனை சொல்வதுபோன்ற குரலில்.

இரண்டு பதில்கள் சொன்னேன். ஒன்று, நான் கட்டுவது முதியோர் இல்லமல்ல. இரண்டு, எலிப்பொறிச் சுவர் உள்ளே வெறுமை. ஓர் ஆளின் எடை விழுந்தால் கம்பி கல்லைப் பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிடும்.

"எப்படிச் செஞ்சாலும் தாங்காதா?"

கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகிவிட்டது. கம்பி வரவேண்டிய உயரத்தில், கட்டும்போதே இரண்டு வரிசைகளின் வெற்றிடத்தைக் கலவையால் நிரப்பினால் தாங்கும் என்றேன். நிரப்பினால் அந்த வழியே வெப்பம் உள்ளே வரும், அதனால் நிரப்பப்போவதில்லை என்பதையும் சொன்னேன். கட்டி முடித்தபின் செய்ய இயலாதா என்று கேட்டாள். இயலாது என்றேன்.

என் மாணவர்களில் எவனும் இவ்வளவு கவனமாக என் பேச்சைக் கேட்டதில்லை. பிறகு சட்னி கொண்டுவர எழுந்து போனாள்.

ஜனவரி 3

பொங்கலுக்குச் சட்டை தைக்க வேண்டுமாம். நேராக நிற்கச் சொல்லி, தையல் நாடாவை எடுத்து, தொங்கும் என் கையின் மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தாள். செருப்போடு ஒருமுறை, செருப்பில்லாமல் ஒருமுறை. எந்தச் சட்டைக்கு மணிக்கட்டிலிருந்து தரைவரை அளக்கிறார்கள் என்று கேட்டேன். புது மாதிரி என்றாள். அளவு என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு நடுவே வாழ்வது என் விதி.

ஜனவரி 9

வாய்மொழித் தேர்வுகளுக்காகச் சென்னையில் நான்கு நாட்கள். முனைவர் பட்டம் கேட்டு வந்த மூவரில் இருவருக்குத் தங்கள் ஆய்வேட்டின் தலைப்பு தெரிந்திருந்தது.

திரும்பி வந்து நேரே மனைக்குச் சென்றேன். சுவர் என் நெஞ்சளவு வந்துவிட்டது. ஒச்சப்பன் என்னைப் பார்த்ததும் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விட்டார். நான்கு நாளும் செண்பகவல்லியே வேலையாட்களுக்குத் தேநீர் கொண்டுவந்தாளாம். அநாவசிய உபசாரம், வேலை நேரம் வீணாகியிருக்கும்.

ஜனவரி 17

பொங்கல் முடிந்தது. சட்டை வரவில்லை.

பிப்ரவரி 11

கூரை. மண்சட்டிகளைக் கவிழ்த்து இடைவெளிகளில் கான்கிரீட் இட்டோம். சட்டிக்குள் காற்று, அதற்கு மேல் வெள்ளை ஓடு. வேடிக்கை பார்க்க வந்த குமரவேல், "என்ன அத்தான், மேல பொங்கல் வைக்கப்போறீங்களா?" என்றான். தன் நகைச்சுவையைத் தானே பாராட்டிச் சிரித்தான். போகும்போது என் தோளைப் பற்றி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னான். அவனிடம் யார் என்ன சொன்னார்கள் என்று செண்பகவல்லியைக் கேட்டேன். எதுவும் சொல்லவில்லை என்றாள். அது பொய் என்பதை நிறுவத் தெர்மாமீட்டர் தேவையில்லை.

மார்ச் 4

சட்டைப் பொத்தான் துளைகளை இப்போதெல்லாம் மிகச் சிறிதாகத் தைக்கிறார்கள்.

மார்ச் 19

உட்பூச்சு முடிந்தது. சுண்ணாம்புப் பூச்சு, வெள்ளைத் துணி போட்டு மூடியதுபோல. பூச்சுக்கு முன் சுவரை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று காலில் ஒரு பிடிப்பு. கட்டிலைவிட்டு எழ நேரமாகிவிட்டது. புது மெத்தை சரியில்லை.

ஏப்ரல் 24

பால் காய்ச்சினோம். நாற்பது பேர் வந்தார்கள். நாற்பது பேரும் ஏ.சி. எங்கே என்று கேட்டார்கள். வெளியே நாற்பது பாகை, உள்ளே முப்பத்தொன்று என்று சுவரில் மாட்டிய வெப்பமானியைக் காட்டினேன். ஒரு பெண்மணி, ஒருவேளை வெப்பமானி பழுதாக இருக்கும் என்று தன் கணவரிடம் சொன்னார்.

புகைப்படக்காரன் மூன்று முறை என்னைச் சிரிக்கச் சொன்னான். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மே 6

கத்திரி வெயில் தொடங்கி மூன்றாம் நாள். பகல் பதினொன்றரைக்கு மின்சாரம் போனது. மின்மாற்றி பழுதாம், மாலைவரை வராதாம். பன்னிரண்டரைக்குக் குமரவேல், அவன் மனைவி, இரண்டு பெண்கள், ஒரு நாய் என மொத்தக் குடும்பமும் என் வாசலில். கண்ணாடி வீட்டுக்குள் அடுப்பில் வைத்ததுபோல் இருக்கிறதாம். கூடத்தில் பாயை விரித்துப் படுத்தவர்கள் ஐந்து மணிவரை தூங்கினார்கள். நாய் சமையலறைத் தரையில் வயிற்றைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. வந்தவர்களில் வெப்பவியல் புரிந்த ஒரே உயிர்.

போகும்போது குமரவேல், "அத்தான், உங்க வீடு எங்க வீட்ட விட நல்லாத்தான் இருக்கு," என்றான். அதைக் கேட்கவே இந்த வீட்டைக் கட்டியதாக ஒரு நிமிடம் தோன்றியது.

மே 12

கணக்கின்படி பிற்பகல் நான்கு மணிக்குப் படுக்கையறை முப்பத்திரண்டு பாகையைத் தாண்டக்கூடாது. ஒரு வாரமாக அரைப் பாகை கூடுதலாகக் காட்டுகிறது. அரைப் பாகைதானே என்பவர்களுக்காக நான் வீடு கட்டவில்லை.

கல்லூரி ஆய்வகத்திலிருந்து வெப்பப்படக் கருவியைக் கொண்டுவந்தேன். எவ்விடம் சூடோ அவ்விடம் திரையில் செம்மஞ்சளாகத் தெரியும். குளிர்ந்த இடம் நீலம். கையில் பிடித்தபோது படம் கலங்கியது. கருவி பழையது. முக்காலியில் பொருத்தினேன்.

மேற்குச் சுவர் முழுவதும் நீலம். அதன் நடுவே, இடுப்புயரத்தில், செம்மஞ்சளாக ஒரு பட்டை. ஒன்பது அங்குல அகலம். படுக்கையறையில் கட்டில் தலைமாட்டருகே தொடங்குகிறது. கதவைத் தாண்டி நடையில் தொடர்கிறது. குளியலறைக்குள் செல்கிறது. கழிப்பறையில் முடிகிறது. சுற்றியுள்ள சுவரைவிட மூன்று பாகை அதிகம்.

வெற்றிடத்தை நிரப்பியிருக்கிறார்கள். நான் சென்னையில் இருந்த நான்கு நாட்களில்.

அந்தக் கிழவர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். தட்டிப் பார்ப்பவன் துப்பாமல் இருக்க, தட்டும் உயரத்தில் மட்டும் கலவையைக் கொட்டி என் வீட்டுக்குச் சூடு போட்டிருக்கிறார். முப்பத்திரண்டு ஆண்டு அறிவை இடுப்புயரத்தில் குத்திக் கிழித்தாகிவிட்டது. நாளை வரச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

மே 13

காலையில் நேற்றைய படங்களில் இன்னொரு முறை அளந்தேன். பட்டையின் மேல்விளிம்பு படுக்கையறையிலிருந்து கழிப்பறைவரை முப்பத்தோரடி நீளத்துக்கு ஒரே மட்டம். சோம்பலில் கொட்டியது இப்படி இருக்காது. மானத்துக்குக் கொட்டியதென்றால் வாசல் சுவரில் கொட்டியிருப்பார். வருகிறவன் தட்டுவது அங்கேதான். கழிப்பறையை யார் தட்டப்போகிறார்கள்?

பத்து மணிக்கு ஒச்சப்பன் வந்தார். திரையைக் காட்டினேன். செம்மஞ்சள் கோட்டை நெடுநேரம் பார்த்தார்.

"கல்லு ஒடஞ்சு கெடந்துச்சு சார். கலவைய விட்டுட்டேன். என் தப்புதான்."

முப்பத்தோரடிக்குக் கல் உடைந்து கிடந்ததா, அதுவும் மட்டப்பலகை வைத்ததுபோல உடைந்ததா என்று கேட்டேன். நான் வாழ்நாளில் சந்தித்த பொய்யர்களில் இவ்வளவு மோசமான பொய்யரைக் கண்டதில்லை என்றேன். இனி மதுரையில் எந்தப் பொறியாளரிடமும் அவருக்கு வேலை கிடைக்காமல் செய்ய என்னால் முடியும் என்றும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. இப்போதெல்லாம் அது உயர்வதுமில்லை.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"திட்டுறதுன்னா என்னைய இன்னும் நாலு திட்டுங்க சார், கேட்டுக்கிறேன். அம்மாகிட்டப் போயிராதீக. 'அவரு விழுந்தா நா ஒருத்தியாத் தூக்க முடியாதுண்ணே'ன்னு கேட்டாக. எனக்கும் வீட்டுல பொம்பள இருக்கா. எப்புடி மாட்டேங்கிறது?"

போய்விட்டார்.

மே 14

எழுத ஒன்றுமில்லை. வெளியே 41, உள்ளே 32.5.

மே 15

நேற்று முழுவதும் நான் பேசவில்லை. செண்பகவல்லியும் பேசவில்லை. ஒச்சப்பன் தொலைபேசியில் சொல்லியிருப்பார். இன்று மாலை அவள் நடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, என்னைக் கேட்காமல் என் சுவரில் கைவைக்கும் உரிமையை அவளுக்கு யார் கொடுத்தது என்று கேட்டேன்.

"கேட்டேனே. டிசம்பர்ல கேட்டேன். வழியும் நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

அரைப் பாகை என்றேன். ஒவ்வொரு நாளும், நாங்கள் இருக்கும்வரை, அந்தச் சுவர் வழியாக அரைப் பாகை உள்ளே வரும் என்றேன்.

ஒரு வேட்டியை மடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வரட்டும். அரைப் பாகைய நான் விசிறிக்குவேன். நீங்க குளியலறையில விழுந்து கெடந்தா எதை வச்சு விசிறுறது? கம்பி போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். போடலாம்னு உங்களுக்குத் தோணுற அன்னைக்கு, சுவரு முடியாதுன்னு சொல்லிறக் கூடாது. அம்புட்டுதான்."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் போனபின் சுவரருகே பக்கவாட்டில் நின்றேன். கையைத் தொங்கவிட்டு, மணிக்கட்டு வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். நாடாவை எடுத்து அளந்தேன். தரையிலிருந்து முப்பத்துநான்கு அங்குலம். கருவியை வைத்துப் பட்டையின் நடுக்கோட்டை அளந்தேன். முப்பத்துநான்கு. மறுபடி அளந்தேன். வித்தியாசம் இல்லை.

அந்தச் சட்டை இனி வராது என்பது புரிந்தது.

பென்சில் கோடு நேராக இல்லை. இரண்டு அங்குலத்துக்குள் ஏழு இடத்தில் வளைந்திருக்கிறது. பென்சில் நல்ல பென்சில்தான். சுவரும் வழவழப்பாக இருக்கிறது.

நடுக்குவாதம். டிசம்பர் பதினைந்தாம் தேதி அந்தப் பையன் சொன்ன பெயர் தமிழில் அதுதான். எழுதியாகிவிட்டது.

மே 22

ஆறரை மணி. வெயில் இறங்கி, கணக்கின்படி சுவர் குளிர்ந்துவிட்டது. குளியலறைக்குப் போகும்போது நடையில் கால் நகர மறுத்தது. சில வேளைகளில் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. கையைச் சுவரில் ஊன்றினேன். உள்ளங்கைக்குக் கீழே பூச்சு இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பட்டையைப் பிடித்தபடியே, பார்க்காமலே, கழிப்பறைக் கதவுவரை போக முடிகிறது.

வெப்பவியலின்படி இது குறைபாடு. குறைபாடு என்றே பதிவுசெய்கிறேன்.

மே 31

பிரிவுபசார விழா. சன்னல்களைத் திறந்துவைத்துவிட்டு ஏ.சி.யும் போட்டிருந்தார்கள், என் துறையின் அரங்கில், என் முப்பத்திரண்டு ஆண்டுகளின் பலன். ஏழு பொன்னாடைகள், ஏழும் செயற்கை இழை. முதல்வர் என்னை எளிமையின் சிகரம் என்றார். வேறொருவருக்காக எழுதியதைப் படித்துவிட்டார்.

ஏற்புரையில் நான் பேசியது மூன்றாம் வரிசைக்கு மேல் கேட்கவில்லையாம். ஒலிபெருக்கி சரியில்லை என்று எழுதத் தொடங்கி, அடித்துவிட்டேன்.

ஜூன் 3

கைப்பிடிக் கம்பி வாங்க நேற்று கடைகளுக்குப் போனோம். முதல் கடையில் காட்டியது துண்டு மாட்டக்கூடப் பயன்படாது. இரண்டாம் கடைக்காரன் குழாயின் தடிமன் என்னவென்று தெரியாமலே குழாய் விற்கிறான். மூன்றாம் கடையில் கிடைத்தது ஓரளவு பரவாயில்லை: துருப்பிடிக்காத எஃகு, ஒன்றேகால் அங்குலக் குழாய். விரல்கள் சுற்றிவர வேண்டும் என்று கடையில் வைத்தே பிடித்துப் பார்த்தேன். பிடிக்கும்போது கை ஆடவில்லை.

ஒச்சப்பனுக்கு நானே தொலைபேசியில் பேசினேன். மன்னிப்புக் கேட்கும் நோக்கம் எனக்கில்லை. சுவரின் உள்விவரம் அறிந்த ஆள் வேறில்லை. இன்று பத்து மணிக்குத் துளைக்கருவியோடு வந்தார். கருவியைச் சுவரில் வைப்பதற்கு முன் வழக்கம்போல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். மேலே டொம் என்றது. பட்டையில் சத்தமில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் இருந்தது கர்வம், மறைக்கக்கூட முயலவில்லை.

கூடத்தில் செண்பகவல்லி செய்தித்தாள் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். தாள் தலைகீழாக இல்லை. ஆனால் பத்து நிமிடமாக ஒரே பக்கம்.

ஒச்சப்பன் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, "எம்புட்டு ஒசரத்துல சார் குறிக்க?" என்று கேட்டார்.

இந்த வீட்டின் ஒவ்வொரு அங்குலத்தையும் நான்தான் சொல்லியிருக்கிறேன். அடித்தளம், வாசற்படி, சன்னல், சட்டி வைத்த கூரை.

"என்னைக் கேக்காதீங்க. அம்மாவைக் கேளுங்க," என்றேன்.